சாமி வராத தெருவுக்கு அரிசி

சந்தையில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர் வைரக்கண்ணார். தினமும் முதல் மூட்டையை ஏற்றுமுன் கண்ணை மூடி, "ஓடக்கரை ஈசா, நீயே துணை" என்பார். திருவிழாவில் எட்டுப் பேர் சுமக்கும் சாமி பல்லக்கின் முன்தண்டு அவருடையது, பின்தண்டு அடியேனுடையது. கூடவே இருந்தவன் என்பதால் இதைச் சொல்ல எனக்கு நாக்கூசுகிறது.

அந்த ஐப்பசியில் புயலடித்து ஊர் வெள்ளக்காடானது. எங்கெங்கிருந்தோ நல்லவர்கள் இரண்டு லாரி நிறைய அரிசியும் போர்வையும் அனுப்பினார்கள். ஒரு வீடும் விடுபடக் கூடாதென்று தர்மகர்த்தா உலகநாதர் ஒரு வழி சொன்னார். சாமி ஊர்வலம் போகும் வீதிவழியே கொடுத்துக்கொண்டு போவது. ஆகா என்றோம். எனக்கு ஒன்றுக்கு இரண்டாகப் போர்வை வந்தது, பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

"எல்லாருக்கும் சேர்ந்துவிட்டது" என்று கோயில் ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, உப்பளத் தெருச் செங்கமலம் இடுப்பளவு நனைந்து வந்து நின்றாள்.

"எங்க பக்கம் லாரியே வரலீங்க. எம் மருமவ புள்ள பெத்து நாலு நாளாச்சி. கஞ்சிக்கு ஒரு பிடி அரிசி இல்லீங்க."

"சாமி போற வீதி பூராவும் குடுத்தாச்சேம்மா," என்றார் உலகநாதர்.

"சாமியே வராத தெருவுக்கு அரிசி எப்புடிங்க வரும்?"

முப்பது வருடமாக அந்தத் தெருமுனையில் பல்லக்கை வேறு பக்கம் திருப்பியவர் வைரக்கண்ணார். அவமானத்தில் அவர் முகம் கறுத்துவிட்டது. தமக்குக் கிடைத்த அரிசியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெள்ளத்தில் இறங்கினார். அவர் வீட்டில் வேறு அரிசி கிடையாது. "கர்ணப் பிரபு கெளம்பிட்டாருடா!" என்று சிரித்தார்கள். ஐயோ, நானும் சிரித்தேன்.

செங்கமலம் உலை வைத்தாள். பிள்ளை பெற்றவள் குடித்தாள். "இத்தனை வருசமா இந்தப் பக்கம் திரும்பாமப் போனேனே தாயி, மன்னிச்சிரு" என்று வைரக்கண்ணார் அழுதார்.

"அழுவாதீங்க. நீங்களும் பசியோடதான இருக்கீங்க, குந்துங்க," என்று அவருக்கும் ஒரு கிண்ணம் ஊற்றினாள். அதைக் குடிக்க அவர் பட்ட கூச்சம் கொஞ்சமல்லவாம்.

மாசித் திருவிழா வந்தது. அதே தெருமுனையில் பல்லக்கு நின்றுவிட்டது. எட்டுப் பேர் முக்கியும் வழக்கமான பக்கம் அசையவில்லை.

"என்ன வைரக்கண்ணு, வம்பு பண்றியா?" என்று உலகநாதர் கத்தினார்.

வைரக்கண்ணார் தண்டை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, கைகூப்பி ஒதுங்கி நின்றார். அப்போதும் அசையவில்லை. வேறு வழியின்றி உப்பளத் தெருப் பக்கம் திருப்பினோம். பூக்கூடைபோல் வந்தது.

அங்கே யாரிடமும் தேங்காய் பழம் இல்லை; சாமி வருமென்று யார் கண்டார்கள்? செங்கமலம் ஒரு தட்டில் உப்பை அள்ளி வந்து நீட்டினாள். குருக்கள் உலகநாதரைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "வாங்கிப் படைங்க" என்றார்.

எங்கள் ஊரில் முதலில் வெட்கப்பட்டவர் வைரக்கண்ணார். அவர் போன பிறகுதான் ஈசனும் அந்தத் தெருவுக்குப் போனான். அவர் திருப்பாதம் என் தலைமேல்.