அரியர் சங்கத்து நிறுவனத் தலைவர்

வாய் மட்டும் இல்லையென்றால் மாயழகு அண்ணனை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். எங்கள் பல்கலைக்கழகத்தில் ‘அரியர் மாணவர் சங்க’த்தை ஆரம்பித்தவர் அவர்தான், ஆறு வருடமாகத் தலைவரும் அவர்தான். சங்கத்துக்கு ஒரே ஒரு சட்டம்: எல்லாப் பேப்பரும் பாஸானவன் வெளியே. அண்ணனுக்கு மிச்சம் இருந்தது எம்-த்ரீ என்கிற கணக்குப் பேப்பர் ஒன்றே ஒன்று. அதைப் பாஸாகாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். அது போனால் நாற்காலி போச்சு, ஹாஸ்டல் ரூம் போச்சு, வெளியே போய் வேலை தேட வேண்டும். நினைத்தால் எனக்கே பயமாக இருக்கும்.

அன்று சாயங்காலம் ரிசல்ட். மெஸ்ஸில் பஜ்ஜிக்குக் காத்திருந்த எங்களிடம் அண்ணன் சங்கம் பிறந்த கதையை எடுத்துவிட்டார்.

“செஸ் ஆடுறவனுக்குச் சங்கம் இருக்கு, கவிதை எழுதுறவனுக்கு இருக்கு, பட்டாம்பூச்சி பாக்குறவனுக்குக்கூட இருக்கு. பெயிலானவனுக்கு நாதி இருக்காடா? நேரா ரிஜிஸ்ட்ரார் ரூமுக்குப் போனேன். ‘உறுப்பினருக்கு எங்கப்பா போவ?’ன்னாரு. ‘நீங்க பரிச்சை வைக்கிற வரைக்கும் எனக்கென்ன சார் கவலை’ன்னேன். அப்பவே கையெழுத்துப் போட்டாரு.”

“முதல் கூட்டத்துக்கு எம்புட்டுப் பேருண்ணே?” என்றான் சர்புதீன். சங்கத்தின் துணைத் தலைவன். கையில் பதினோரு அரியர், கண்ணில் தலைவர் நாற்காலி.

“மேடை இங்க வேப்பமரத்தடியில. கடைசி வரிசை அடுத்த ஊரு திருமங்கலத்துல.”

“அண்ணே!”

“கேளுடா. மைக் செட்டு பத்தல. நான் பேசுறத ஒருத்தன் கேட்டு அடுத்தவன்கிட்டச் சொல்லி, அப்பிடியே போய்க்கிட்டிருக்கு. காலையில ஒரு ஜோக் சொன்னேன். மறுநாள் கண்ணு கலங்கி நன்றியுரை சொல்லிக்கிட்டிருக்கேன், அப்பத்தான் கடைசி வரிசைக்காரய்ங்க விழுந்து விழுந்து சிரிக்கிறாய்ங்க. வகுப்புல ஆளே இல்லாம வாத்தியாருக பூரா கூட்டத்துல வந்து உக்காந்துட்டாக.”

சர்புதீன் பஜ்ஜி வருகிறதா என்று எட்டிப் பார்த்தான். அண்ணனுக்குச் சுருக்கென்றது. குரலை ஏற்றினார்.

“கோல்டு மெடல் வாங்குன பய ஒருத்தன் என் கால்ல விழுந்துட்டான். ‘சங்கத்துல சேரணும்ணே, ஆனா பெயிலாக வரமாட்டேங்குது’ன்னான். வெறும் பேப்பரக் குடுத்துட்டு வாடான்னேன். குடுத்தான். அடித்தல் திருத்தல் இல்லாம சுத்தமா இருக்குன்னு நூத்துக்கு நூறு போட்டுட்டாய்ங்க. பாவம்டா, தேம்பித் தேம்பி அழுதான்.”

“துணைவேந்தரும் மெம்பர்னு போன வாரம் சொன்னீங்க.”

“அவரு சாதா மெம்பர்டா. பெரிய மெம்பர் யாரு தெரியுமா? தரம் பாக்குறேன்னு டெல்லியில இருந்து ஒரு கமிட்டி வந்துச்சுல்ல, நம்ம யுனிவர்சிட்டியையே ரெண்டு பாடத்துல பெயிலாக்கிட்டுப் போயிட்டாய்ங்க. அம்மாம் பெரிய கட்டடம் தலையத் தொங்கப் போட்டு நிக்குது. மனசு கேக்குமா? மெயின் கேட்டு தூணுக்கு நானே என் கையால கார்டு மாட்டிவிட்டேன். இன்னைக்கும் யுனிவர்சிட்டி நம்ம சங்கத்துல மெம்பரு!”

பஜ்ஜிக்கு முன்னால் ரிசல்ட் வந்துவிட்டது. போனைப் பார்த்த சர்புதீனின் முகம் மலர்ந்தது.

“அண்ணே, எம்-த்ரீ பாஸு. அம்பது மார்க்.”

மாயழகு அண்ணனுக்கு முகம் செத்துப்போனது. பார்க்கப் பாவமாக இருந்தது. “அநியாயம்டா! நான் ஒரு கணக்குக்கூடப் போடலையே! சங்கம் ஆரம்பிச்ச கதையத்தானடா பக்கம் பக்கமா எழுதி வச்சேன்!”

“இப்பச் சொன்னீங்களே, அதையவா?”

“ஒரு வரி விடாம! விடமாட்டேன்டா, ரீவேல்யூவேஷன் போடுறேன்.”

“வேணாம்ணே,” என்றான் சர்புதீன். “திருத்துனவரு பாதி நம்புனதுக்கே அம்பது. அடுத்தவரு முழுசா நம்பிட்டா நூறு வந்துரும்.”