மொக்கையனின் முழங்காலைத் தட்டிய மரங்கொத்தி

கருவேலங்குளத்தின் கரையில் ஒரு மருதமரம் இருந்தது. அதன் கிளையில் காட்டுக்கொடியை வளைத்து ஒரு வளையம் கட்டியிருந்தார்கள். இரண்டு அணிகளாகப் பிரிந்து, ஒரு விளாம்பழத்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோய் அந்த வளையத்துக்குள் போடவேண்டும். அதுதான் ஆட்டம். பறவைகளும் ஆடலாம், ஆனால் பறக்கக்கூடாது. யானைக்குட்டிகளும் ஆடலாம், ஆனால் யாரையும் மிதிக்கக்கூடாது.

குளத்து இளசுகளுக்கு அது வெறும் விளையாட்டு அல்ல. கோடை வந்தால் குளம் வற்றிச் சேறாகிவிடும். மலைமேல் இருந்த அருவியோ வற்றுவதே இல்லை. ஆண்டுதோறும் பங்குனியில் மலை அணிகள் கீழே இறங்கிவந்து, அணிக்கொரு புது ஆட்டக்காரனைத் தேர்ந்தெடுத்துக் கூட்டிப்போகும். தேர்வானவன் மலையேறித் தெளிந்த தண்ணீர் குடிப்பான். மற்றவர்கள் சேற்றைத் தோண்டிக்கொண்டு மழைக்குக் காத்திருப்பார்கள்.

மலை அணிகளில் பெரியது அருவிக்கரை அணி. அதை நடத்தியவள் வேங்கையம்மாள் என்ற பெண்புலி. அவளுக்கு ஆள் பார்த்துச் சொல்பவர் மரங்கொத்தி சொண்டப்பர்.

சொண்டப்பரின் புகழ் பெரிது. எப்போதோ ஒரு சிறுத்தைக்குட்டியைப் பார்த்து, "இவன் வேகமாக ஓடுவான்!" என்று சொன்னார். அவன் வேகமாக ஓடினான். அன்றிலிருந்து காட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

அவர் ஆளைச் சோதிக்கும் முறையே தனி. முழங்காலில் அலகால் 'டொக் டொக்' என்று தட்டுவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். கண்ணை மூடுவார். பிறகு வாய் திறப்பார். அவர் வாயிலிருந்து விழுவதைப் பொறுக்கிக்கொள்ள எப்போதும் ஒரு மைனாக் கூட்டம் பின்னாலேயே வரும். அவர் சொல்லி முடிப்பதற்குள் அது அடுத்த மரத்தில் கேட்கும்.

அந்த ஆண்டு பங்குனியில் சொண்டப்பர் குளக்கரைக்கு வந்து இறங்கினார். குளத்து அணியின் தலைவி கீரி செவத்தி ஓடிவந்தாள்.

"வாங்க ஐயா! எங்கள் மொக்கையனைப் பார்க்கத்தானே வந்தீர்கள்?"

மொக்கையன் ஒரு இளங்கரடி. முன்வரிசையில் ஆடுபவன். வாயடிக்கத் தெரியாது; பழத்தைப் பிடித்தால் விடத் தெரியாது. இரண்டு கோடையாக அவனை நம்பித்தான் குளத்து அணி தலைநிமிர்ந்து நின்றது.

சொண்டப்பர் அவனை மேலும் கீழும் பார்த்தார். முழங்காலில் தட்டினார். கண்ணை மூடினார்.

"உள்ளே ஓட்டைச் சத்தம் கேட்கிறது!" என்றார்.

மொக்கையன் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தான்.

"வலிக்கவில்லையே ஐயா!"

"வலிக்காது. அதுதான் ஆபத்து! அதுவும் போகட்டும். வளையத்தடியில் நிற்கலாம் என்றால் நீ யானை உயரம் இல்லை. சுற்றிச்சுற்றி ஓடலாம் என்றால் முயல் வேகமும் இல்லை. இரண்டுங்கெட்டானாக இருக்கிறாய். உன்னை எங்கே கொண்டுபோய் வைப்பது?"

"ஐயா, அவனை எங்கேயும் வைக்கவேண்டாம். அவன் ஆடுவதை ஒருமுறை பாருங்களேன்! இன்று சாயங்காலம்கூட ஆட்டம் இருக்கிறது!" என்றாள் செவத்தி.

சொண்டப்பர் சிரித்தார். "ஆட்டத்தைப் பார்த்தால் மனம் குழம்பிவிடும் அம்மா! நான் பார்ப்பது எதிர்காலத்தை."

இதற்குள் மைனாக்கள் பறந்துவிட்டன. "கரடிக்கு முழங்காலில் ஓட்டை! கரடிக்கு முழங்காலில் ஓட்டை!"

சொண்டப்பர் எதிர்காலத்தைத் தேடிக்கொண்டு கரையோரம் நடந்தார். அங்கே ஒரு செங்கால் நாரை ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது. பெயர் நெட்டழகன். குளத்து அணியில் ஆள் குறைந்தால் அவனையும் நிறுத்திவைப்பார்கள். கழுத்தை நீட்டினால் அலகு கிட்டத்தட்ட வளையத்தைத் தொடும். இறக்கையை விரித்தால் பாதிக்கரை மறையும்.

சொண்டப்பருக்கு மூச்சே நின்றுவிட்டது. அந்தக் காலை ஒரு தட்டுத் தட்டினார்.

"ஆகா! மூங்கில்! கலப்படமில்லாத மூங்கில்!"

"ஐயா, எனக்கு மீன் பிடிக்கத்தான் தெரியும்," என்றான் நெட்டழகன். "பழம் என்னை நோக்கி வந்தால் பயத்தில் கண்ணை மூடிக்கொள்வேன்."

"என்ன அடக்கம்! மகாவீரனுக்கு இதுதான் அடையாளம்!"

"அடக்கம் இல்லை ஐயா. நிஜமாகவே கண்ணை மூடிக்கொள்வேன்."

"கண்ணைத் திறக்கக் கற்றுக்கொடுத்துவிடலாம். கழுத்தை நீட்டக் கற்றுக்கொடுக்க முடியுமா?" என்று மைனாக்களைப் பார்த்துக் கேட்டார் சொண்டப்பர். மைனாக்கள் சொக்கிப்போயின.

சாயங்காலம் ஆட்டம் தொடங்கியது. சொண்டப்பர் ஆட்டக்களத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மூங்கில் கால்களின் மகிமையை மைனாக்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று கூட்டம் 'ஓ'வென்று கத்தியது. பழக்கதோஷத்தில் தலையைத் திருப்பிவிட்டார்.

எதிரணியின் காட்டுப்பன்றிகள் மூவர் முட்டிக்கொண்டு நிற்க, அவர்கள் நடுவிலிருந்து மொக்கையன் பழத்தோடு எழுந்தான். எப்படி எடுத்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. வளையம் அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. போட்டிருக்கலாம். ஆனால் அவன் போடவில்லை. ஒரு பன்றி தன்மேல் பாய்வதையும் செவத்தி தனியாக நிற்பதையும் ஒரே பார்வையில் பார்த்தான். பழத்தை அவளுக்குத் தட்டிவிட்டு, பாய்ந்த பன்றியைத் தன் முதுகில் தாங்கிக்கொண்டான். செவத்தி துள்ளி எழுந்து போட்டாள். பழம் வளையத்தில் உரசாமல் உள்ளே இறங்கியது.

சொண்டப்பர் களத்தைப் பார்த்து முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார்.

'இவன் ஆட்டக்காரன்!' என்று அவர் நெஞ்சு சொன்னது. இவனைப்போல ஒருவனைப் பார்த்து வெகுகாலம் ஆகிவிட்டது. தட்டாமலே தெரிந்தது.

அடுத்த நொடியே அவர் மைனாக்களைத் திரும்பிப் பார்த்தார். காலையில்தானே ஓட்டை என்று சொன்னோம்? மைனாக்கள் அதை எத்தனை மரம் தாண்டிக் கொண்டுபோயிருக்குமோ! இப்போது மாற்றிச் சொன்னால் காடு சிரிக்காதா? 'சொண்டப்பருக்குக் காது போய்விட்டது' என்று நாளைக்கு எல்லோரும் பேசமாட்டார்களா?

அந்த நேரம் பழம் மறுபடி பறந்துவந்து, களத்தின் ஓரத்தில் நிறுத்திவைத்திருந்த நெட்டழகனின் தலையில் 'மடேர்' என்று விழுந்தது. அவன் கண்ணை மூடியபடியே குளத்துக்குள் உட்கார்ந்தான்.

"என்ன ஆயிற்று ஐயா?" என்று கேட்டது ஒரு மைனா.

"பழத்தைத் தலையால் தடுக்கிறான்! இந்த வயதில் என்ன துணிச்சல்!" என்றார் சொண்டப்பர்.

ஆனாலும் அவருக்கு மனம் ஆறவில்லை. மறுநாள் காலையில் வழியில் ஒரு மயில் எதிர்ப்பட்டது.

"கேள்விப்பட்டீர்களா? அந்தக் கரடிக்கு முழங்கால் சரியில்லையாம்!"

"யார் சொன்னது?" என்று ஆவலோடு கேட்டார் சொண்டப்பர்.

"காடே சொல்கிறது! உள்ளே பெரிய பொந்தாம்! தேனீ கூடு கட்டியிருக்கிறதாம்!"

இன்னும் கொஞ்சதூரம் போனதும் இருவாச்சிப் பறவையார் வந்தார். அவர் வேறொரு மலை அணிக்கு ஆள் பார்ப்பவர்.

"நாங்கள் கரடியை விட்டுவிட்டோம். தேனீ விஷயம்தான் காரணம்," என்றார் இருவாச்சி. "நாரையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்."

சொண்டப்பருக்கு உயிர் வந்தது. 'காடே சொல்கிறது என்றால் பொய்யாக இருக்குமா? இருவாச்சிகூடச் சொல்கிறாரே! நேற்று என் கண்தான் ஏமாந்திருக்கிறது' என்று நினைத்துக்கொண்டார். தான் கக்கியதே சுற்றிவந்து தன் வாயில் விழுகிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அல்லது தோன்றியும், அந்த நினைப்பை அவர் உள்ளே விடவில்லை.

தேர்வு நாள் வந்தது. குளத்து இளசுகள் வரிசையாக நின்றார்கள். வேங்கையம்மாள் பாறைமேல் உட்கார்ந்திருந்தாள்.

"சொண்டப்பரே, யாரை எடுக்கலாம்?"

மொக்கையன் நின்ற பக்கம் சொண்டப்பர் திரும்பவே இல்லை. "நெட்டழகன்!" என்றார்.

மைனாக்கள் ஆரவாரம் செய்தன. நெட்டழகன், "என்னை விட்டுவிடுங்கள்!" என்று கத்தினான். அவனை மாலைபோட்டு இழுத்துக்கொண்டு போனார்கள். மற்ற மலை அணிகள் முயலை எடுத்தன, மந்தியை எடுத்தன, ஆட்டமே ஆடாத ஆமையைக்கூட எடுத்தன. ஆமையின் முழங்காலைத் தட்ட முடியாததால் அதில் ஓட்டை இல்லை என்று முடிவாகிவிட்டது.

மொக்கையன் மெல்ல வந்து சொண்டப்பர் முன்னால் நின்றான்.

"ஐயா, என்னிடம் என்ன குறை? சொன்னால் திருத்திக்கொள்வேன்."

சொண்டப்பர் தடுமாறினார். "குறை என்று தனியாக ஒன்றும் இல்லை தம்பி. அப்படி ஒன்று இருந்தால் திருத்திவிடலாம். இல்லாததை எப்படித் திருத்துவது?"

அது தனக்கே புரியவில்லை என்பதால், அவர் வேகமாகப் பறந்துபோய்விட்டார்.

மொக்கையன் தலைகுனிந்து குளத்தைப் பார்த்து நடந்தான். அப்போது பின்னால் முட்கள் சலசலத்தன. பாறைச்சரிவு அணியின் தலைவி முள்ளம்பன்றி சிலுப்பாயி மூச்சிரைக்க வந்துசேர்ந்தாள். மலை அணிகளில் அதுதான் கடைசி. பாறையில் கசியும் தண்ணீரை நக்கிக் காலம் தள்ளுபவர்கள் அவர்கள்.

"அப்பாடா! உன்னை யாரும் எடுக்கவில்லையே? எங்களோடு வா!"

"எனக்கு முழங்காலில் ஓட்டையாம் அக்கா," என்றான் மொக்கையன்.

"இருந்துவிட்டுப் போகட்டும்! மாசியில் உங்களோடு ஆட வந்தோமே, நினைவிருக்கிறதா? உன்னைத் தாண்டி எங்களால் ஒரு பழம் போட முடியவில்லை. தட்டிப்பார்க்க எங்களுக்கு ஆள் கிடையாது. தோற்றால் வலிக்கும் என்பது மட்டும் தெரியும். கிளம்பு!"

மொக்கையன் கிளம்பினான்.

ஐப்பசியில் மலையில் பெரிய ஆட்டம் நடக்கும். அதில் வெல்லும் அணிக்குத்தான் அடுத்த ஓராண்டு அருவிக்கரை சொந்தம். அதை இழந்தவர்கள், வென்றவர்களின் பழைய இடத்துக்குப் போய்விடவேண்டும். இவ்வளவு காலமும் வேங்கையம்மாளின் அணியே வென்றுவந்தது. இந்தமுறை கடைசி ஆட்டத்தில் அவர்கள் எதிரில் வந்து நின்றது பாறைச்சரிவு அணி!

"முள்ளம்பன்றிகளா? பாவம்!" என்று கொட்டாவி விட்டாள் வேங்கையம்மாள்.

ஆட்டம் தொடங்கியது. வளையத்தடியில் நெட்டழகன் நின்றான். மொக்கையன் பழத்தோடு வந்தான். நெட்டழகன் கண்ணை மூடினான். பழம் உள்ளே போனது. மறுபடியும் மொக்கையன் வந்தான். மறுபடியும் கண் மூடியது. அருவிக்கரை அணியின் சிறுத்தை பாய்ந்து தடுத்தால், மொக்கையன் பழத்தைச் சிலுப்பாயிக்குத் தட்டிவிட்டான், அவள் போட்டாள். அருவிக்கரைக்காரர்கள் குறிதவறி எறிந்த பழம் ஒவ்வொன்றும் மொக்கையன் கையில்தான் போய் உட்கார்ந்தது. சூரியன் சாய்வதற்குள் வேங்கையம்மாளின் அணி மண்ணைக் கவ்வியது.

"சொண்டப்பரே!"

அந்த உறுமலில் மலையே அதிர்ந்தது. சொண்டப்பர் தத்தித் தத்தி வந்தார்.

"அம்மா, நாரைக்குப் பயிற்சி போதவில்லை... காற்று வேறு எதிர்ப்பக்கம்..."

"நான் காற்றைப் பற்றிக் கேட்கவில்லை. குளக்கரையில் இந்தக் கரடி ஆடியதை நீ பார்த்தாயா, இல்லையா?"

பொய் சொல்ல அலகைத் திறந்தார் சொண்டப்பர். புலியின் கண்ணைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"பார்த்தேன்."

"நல்ல ஆட்டக்காரன் என்று உனக்குத் தெரியவில்லையா?"

"தெரிந்தது."

"பிறகு ஏனய்யா சொல்லவில்லை?"

சொண்டப்பர் தலையைத் தொங்கப்போட்டார். "அதற்கு முன்னாலேயே வேறு சொல்லிவிட்டேன் அம்மா."

வேங்கையம்மாளுக்குக் கோபம்கூட வரவில்லை. அவரை ஒருதரம் வெறித்துப் பார்த்தாள். பிறகு எழுந்து, வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு பாறைச்சரிவை நோக்கி இறங்கினாள். அவள் பின்னால் சிறுத்தை போனது, மற்றவர்களும் போனார்கள். சந்தோஷமாகப் போனவன் நெட்டழகன் ஒருவன்தான். அவன் அங்கே நிற்காமல் நேரே தன் குளத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான்.

எல்லோருக்கும் கடைசியில் சொண்டப்பர் போனார். கசியும் பாறைமுன் தாகத்தோடு வரிசை நின்றது. தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அவரைத் தங்களுக்கு முன்னால் விட ஒருவரும் நகரவில்லை.

கண்ணால் கண்ட உண்மையைவிடத் தான் முன்பு சொல்லிவிட்ட சொல்லைப் பெரிதாக நினைப்பவன், தானும் கெட்டுத் தன்னை நம்பியவர்களையும் கெடுப்பான்.