விரல் திருந்திய சேதி

மலையூர்க்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேட்டையில் ஒருவன் கையிலிருந்து நாண் வழுக்கி, அம்பு ஆள்மேல் பாய்ந்து உயிர் போய்விட்டால் அவனை ஊரைவிட்டுத் துரத்த மாட்டார்கள். அவன் வேறூர் வில்லாசானிடம் போய், நாணில் விரல் வைப்பதை முதலிலிருந்து பழக வேண்டும். 'விரல் திருந்திவிட்டது' என்று ஆசான் சொன்ன சேதியை அவனே கொண்டுவந்து சொல்லிவிட்டு, செத்தவன் வீட்டில் ஒரு வாய் கஞ்சி குடிக்க வேண்டும். அதோடு பழி தீர்ந்தது.

நல்ல வழக்கமா, கெட்ட வழக்கமா என்று என்னைக் கேட்காதீர்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க ஏதாவது வழி வேண்டுமே.

அப்படித்தான் வெள்ளியன் ஆசான் செங்கோடனிடம் வந்தார். வெள்ளியனுக்கு ஐம்பத்தைந்து வயது. ஆசான் அவரைவிட இருபது வயது சின்னவர். வெள்ளியனின் அம்பு பட்டுச் செத்தவன் பொம்மன், அவருடைய தங்கை நாச்சியின் புருஷன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஊர் ஆறுதல் சொல்லி அனுப்பியிருந்தது. தாலியறுத்த நாச்சியே, நாண் வழுக்கினால் அண்ணன் என்ன செய்யும் என்று சொல்லிவிட்டாளாம்.

நாணைப் பிடித்துக் காட்டும்படி ஆசான் கேட்டார். வெள்ளியன் சுட்டுவிரலை அம்புக்கு மேலேயும் அடுத்த இரண்டு விரல்களைக் கீழேயும் வைத்தார். முதல் கணுவின் மடிப்பில் நாணை மாட்டி இழுத்தார். விரல்கள் அம்பை நெரிக்கவில்லை. மூன்று விரலிலும் அதே மடிப்பில்தான் காய்ப்பு ஏறியிருந்தது. முப்பது வருஷம் பழகிய, பிழையில்லாத கை அது. ஆசான் தினமும் நூறு தடவை இழுத்துப் பழகச் சொன்னார், அவ்வளவுதான்.

ஒரு மாதம் போயிற்று. சாரல் விடவே இல்லை. வெள்ளியன் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துபோவார். நாச்சியிடமிருந்து ஆள் வந்தது. அண்ணன் எப்போது வரும், எந்த நாளில் கஞ்சி காய்ச்சட்டும் என்று கேட்டிருந்தாள். அன்றைக்கு அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஆசானே, எந்த விரல்ல பிழை?"

ஆசான் உள்ளே போய்க் கிண்ணத்தில் விளக்கெண்ணெய் கொண்டுவந்தார். வெள்ளியனின் மூன்று விரலிலும் வழிய வழியத் தடவினார். நாற்பது அடி தள்ளி, பலா மரத்தில் ஒரு பழைய முறத்தைத் தொங்கவிட்டார்.

"முறத்தைப் பார்த்து இழுத்துப் பிடிங்க. நீங்களா விடக் கூடாது. தானா வழுக்கட்டும்."

முதல் அம்பு துவண்டுபோய்ப் பத்தடியில் விழுந்தது. இரண்டாவது இடப்பக்கம் விலகிப் புதருக்குள் போயிற்று. மூன்றாவதில் நாண் அவருடைய முன்கையையே அடித்தது. அம்பு எங்கே போயிற்றென்று இருவருமே பார்க்கவில்லை. ஆசான் நிறுத்தச் சொல்லவில்லை. பன்னிரண்டு அம்புகள் தீர்ந்தன. பாதி தூரம் தாண்டியவை இரண்டுதான். முறத்தில் ஒன்றுகூடப் படவில்லை.

ஆசான் துணியால் அவர் விரல்களைத் துடைத்துவிட்டார்.

"பொம்மன் எவ்வளவு தூரத்துல நின்னாரு?"

"இதே தூரம்தான்."

"எங்க பட்டுச்சு?"

வெள்ளியன் தன் நெஞ்சுக்குழியைத் தொட்டுக் காட்டினார். பிறகு ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் அவரே சொன்னார். பன்றிமேல் யாருடைய அம்பு முதலில் பாய்கிறதோ, அவனுக்குத்தான் அதன் தலை. மூன்று வருஷமாகத் தலை பொம்மன் வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு எதிரே புதர் அசைந்தது. பொம்மன் ஓடைப் பக்கம் இருக்கிறான் என்று இவருக்கு நினைப்பு. உருவம் தெரியும்வரை பொறுக்க வேண்டும், சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பொறுத்தால் இந்த வருஷமும் தலை போய்விடும். அம்பை விட்டுவிட்டார். ஊர் ஓடிவந்து கேட்டபோது, வழுக்கிவிட்டது என்ற சொல்தான் வாயில் முதலில் வந்தது. சொல்லிச் சொல்லி அவரே அதை நம்ப ஆரம்பித்திருந்தார்.

"நாச்சிக்குத் தெரிஞ்சா கதவைச் சாத்திருவா. அவளை விட்டா எனக்கு நாதியில்ல. விரல் திருந்திருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க, ஆசானே. செத்தவன் திரும்பி வரவா போறான்?"

ஆசானுக்கு அவர்மேல் இரக்கமாகத்தான் இருந்தது. வெகுநேரம் அந்த மூன்று விரல்களையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"இதுல திருந்த ஒண்ணுமே இல்லையேண்ணே. விடச் சொன்னீங்க, விட்டுச்சு. என்கிட்ட இருக்கிற சேதி இதுதான். கொண்டுபோறவர் நீங்க. கஞ்சியக் குடிக்கிறதுக்கு முன்னால சொல்றதா, குடிச்ச பிறகு சொல்றதான்னு நீங்களே பாத்துக்கங்க."