நடுக்கடல் மணல் திட்டு

கடல் அலை வந்து மரத்தின் வேரைத் தொட்டுவிட்டுப் போகும் ஒரு காட்டில், குழந்தைகளே, நெடுங்காலன் என்று ஒரு கொக்கு இருந்தது. அதன் மனைவி பெயர் வெண்ணி. அவர்களுக்கு ஒரே ஒரு குஞ்சு, பெயர் தூவி.

நெடுங்காலன் எதையும் விசாரிக்காமல் செய்யாது. புதுக் குட்டையில் கால் வைப்பதென்றால்கூட, ஆழம் எவ்வளவு, சேறு எப்படி, முதலை உண்டா என்று நாலு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்கும். அதற்குள் மற்ற கொக்குகள் வயிறு நிறையத் தின்றுவிட்டு மரத்தில் தூங்கிக்கொண்டிருக்கும்.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. குட்டைகள் எல்லாம் காய்ந்து வெடித்துக் கிடந்தன. கடலுக்கு அப்பால் வேறு நாடு, ஒரு தீவு. அங்கே குளங்கள் தளும்பிக் கிடப்பதாகப் பேச்சு. கொக்குக் கூட்டம் ஒரே நாளில் முடிவு செய்து பறந்துபோய்விட்டது.

நெடுங்காலன் மட்டும் போகவில்லை. தூவி பிந்திப் பிறந்த குஞ்சு. அதன் சிறகு பாதிக் கடல்வரைதான் தாங்கும். நடுவில் களைத்துப்போனால் உட்கார ஒரு கிளை கிடையாது. இங்கேயே இருந்தாலோ பசி. அப்பன் மனம் கிடந்து தவித்தது.

அதனால் விசாரிக்கத் தொடங்கியது. தீவில் எந்த மரத்தில் பாம்பு ஏறாது, எந்தக் குளத்தில் மீன் அதிகம், அந்த ஊர்க் கொக்குகள் வந்தவர்களிடம் சண்டை போடுமா என்று எல்லாம் கேட்டது. பூநாரை குளங்களை வர்ணித்தே பொழுதைப் போக்கியது. பருந்து, உட்காருவது எதற்கு, காற்றே தூக்கிக்கொண்டு போகுமே என்று பெருமை அடித்துக்கொண்டது.

வெண்ணிக்குச் சிரிப்பு வந்தது. "ஏங்க, அந்த ஊர்த் தவளைக்கு எத்தனை கால்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். நாலுதானாம்" என்றது நெடுங்காலன், கொஞ்சமும் சிரிக்காமல்.

கடைசியில் பாசியம்மா என்ற கடலாமை கரைக்கு முட்டையிட வந்தது. அதன் குணம் வேறு. கேட்டதற்குப் பதில் சொல்லும்; அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாது.

"அக்கா, நடுக்கடல்ல எம்பிள்ளை உட்கார இடம் இருக்கா?"

"இருக்கு."

"எங்கே?"

"நேர் கிழக்கே. பாதி தூரத்துல ஒரு மணல் திட்டு."

மூன்று பேருக்கும் இடம் போதுமா என்று கேட்டது. போதும் என்றது ஆமை. பாம்பு உண்டா என்று கேட்டது. இல்லை என்றது. நெடுங்காலனுக்கு உயிர் வந்தது. இனி விசாரிக்க ஒன்றும் பாக்கியில்லை என்று வீட்டுக்கு ஓடிவந்தது.

மறுநாள் காலையில் மூன்றும் கிளம்பின. கரை கண்ணுக்கு மறைந்தது. சுற்றிலும் தண்ணீர். தூவியின் சிறகடிப்பு மெல்ல மெல்லத் தளர்ந்தது.

"அப்பா, சிறகு வலிக்குது."

"இதோ வந்துட்டோம்மா. திட்டு வந்துரும்."

திட்டு இருக்கவேண்டிய இடம் வந்தது. திட்டைக் காணவில்லை. தண்ணீர் மட்டும் அங்கே வெளிர்பச்சையாக இருந்தது. அடியில் மணல் தெரிந்தது. ஆனால் அது கொக்கின் கால் எட்டாத ஆழத்தில் கிடந்தது.

தூவி கீழே கீழே இறங்கியது. வெண்ணி அதன் அடியில் பறந்து முதுகு கொடுத்துத் தாங்கப் பார்த்தது. முடியவில்லை. இத்தனை நாள் கேள்வி கேட்டே பழகிய நெடுங்காலனுக்கு இப்போது கேட்க ஆள் இல்லை. பிள்ளையின் பெயரைச் சொல்லி அலறியது.

தூவியின் கால் தண்ணீரைத் தொட்டது. அந்த நேரத்தில் அதன் அடியில் ஒரு பெரிய ஓடு எழும்பியது. முட்டையிட்டுவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த பாசியம்மாதான். தூவி அதன் முதுகில் பொத்தென்று உட்கார்ந்தது.

"அக்கா, திட்டு எங்கே?" என்று கேட்டது நெடுங்காலன்.

"உனக்குக் கீழேதான். கடல் ஏறியிருக்கு. இறங்கினா வெளியே வரும்."

"அதை ஏன் அன்னிக்கே சொல்லலை?"

"எங்கேன்னு கேட்டே, சொன்னேன். எப்போன்னு நீ கேட்கலையே."

நெடுங்காலனுக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. தவளைக் கால்வரை கேட்டோமே, இதை விட்டுவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டது. வெண்ணி அதைக் குறை சொல்லவில்லை. பக்கத்தில் பறந்து வந்து மெதுவாகச் சொன்னது: "அழுகை அப்புறம். இப்போ கேளுங்க."

"அக்கா, எப்போ இறங்கும்?"

"உச்சி வெயிலுக்கு."

அதுவரை பாசியம்மா அசையவில்லை. இரை தேடி முங்கவில்லை. வெண்ணியும் நெடுங்காலனும் மாறி மாறி ஓட்டின் ஓரத்தில் உட்கார்ந்து இளைப்பாறின. தூவி அம்மாவின் இறகுக்குள் தலையை வைத்துத் தூங்கிப்போனது.

வெயில் உச்சிக்கு வந்தபோது ஆமையின் வயிற்றில் மணல் தட்டியது. கொஞ்சம் கொஞ்சமாகத் திட்டு வெளியே வந்தது. பள்ளங்களில் தேங்கிய தண்ணீரில் குட்டி மீன்கள் துள்ளின. மூன்றும் வயிறாரத் தின்றன. தூவி சிறகை விரித்துப் பார்த்தது; வலி போயிருந்தது.

கிளம்பும்போது அது ஒரு கேள்வி கேட்டது.

"அப்பா, நாம போற தீவு எப்பவும் மேலேயே இருக்குமா? இல்ல, அதுவும் முழுகுமா?"

வெண்ணி சிரித்துவிட்டது. நெடுங்காலன் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று நடந்து, கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்த பாசியம்மாவிடம் போய்ப் பணிவாக அதையே கேட்டது.

"எப்பவும் இருக்கும்" என்றது ஆமை. பிறகு தூவியைத் திரும்பிப் பார்த்தது. தன் வாழ்நாளிலேயே முதல்முறையாக, யாரும் கேட்காத ஒன்றை நெடுங்காலனிடம் சொன்னது.

"காத்து இப்போ உங்க பக்கம் வீசுது, தம்பி. சாயங்காலம் திரும்பிரும். புள்ளைய கூட்டிட்டு உடனே கிளம்பு."

அவை கிளம்பின. பொழுது சாய்வதற்குள் தூவி, தீவின் குளத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது.

நீதி: பயணம் போகுமுன் எது எங்கே இருக்கிறது என்று கேட்டால் மட்டும் போதாது, எப்போது இருக்கும் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.