செப்பு மோதிரமும் அரசனின் பாயசமும்

முன்னொரு காலத்தில் வெண்பாறை நாட்டைத் துடிவேந்தன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். பேருக்கேற்ற ஆள். அரியணையில் சேர்ந்தாற்போல் ஒரு நாழிகை உட்காரமாட்டான். விதை ஊன்றிய மறுநாளே பூ எங்கே என்று தோட்டக்காரனைக் கேட்பான்.

பொக்கிஷதாரர் செல்வக்கோனுக்கு இந்தக் குணம் நன்றாகத் தெரியும். ஒருநாள் அரசனின் காதில் மெல்லப் போட்டார்.

"அரசே, நம் கல்விச்சாலை மாணவர்கள் எதற்கும் ஏன் காத்திருக்க வேண்டும்? ஆளுக்கொரு செப்பு மோதிரம் கொடுப்போம். அதைக் காட்டினால் கடைத்தெருவில் எதையும் வாங்கலாம். பிறகு வட்டியோடு பொக்கிஷத்தில் கட்டட்டும். கட்டாதவர்கள் உப்பளத்தில் உழைத்துக் கழிக்கட்டும்."

உப்பளம் செல்வக்கோனுடையது. அதை அவர் சொல்லவில்லை, அரசனும் கேட்கவில்லை. அமைச்சர் குமுதவல்லி வாய் திறப்பதற்குள் ஆணையில் முத்திரை விழுந்துவிட்டது. அவளைப் பார்த்துச் செல்வக்கோன் மீசையைத் தடவிக்கொண்டார். அரசன் எதற்கும் அவளையே கேட்கிறான் என்று அவருக்கு நெடுநாள் எரிச்சல்.

மருதன் என்றொரு மாணவன் வைத்தியம் படித்தான். முதலில் மோதிரத்தைக் காட்டி, மருந்து அரைக்கும் கல்வம் ஒன்று வாங்கினான். தைலம் செய்து விற்றுக் கடனை அடைத்தான். 'இவ்வளவுதானா' என்று துணிச்சல் வந்தது. அடுத்து, தோழன் கட்டியிருந்ததைப் பார்த்துப் பட்டுத் தலைப்பாகை. அதற்குப் பொருத்தமாகச் சரிகை அங்கவஸ்திரம். இரண்டையும் போட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? நண்பர்களுக்கு ஒரு விருந்து. தவணை வந்தபோது கை காலி. வட்டி கட்டவே மறுபடியும் மோதிரத்தை நீட்டினான். படிக்க உட்கார்ந்தால் எழுத்து ஓடவில்லை. தெருவில் யார் வேகமாக நடந்தாலும் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தான்.

கடைசியில் பொக்கிஷத்து ஆட்கள் வந்தேவிட்டார்கள். அவனையும் அவனைப் போலப் பாதி வகுப்பையும் சபைக்கு இழுத்துவந்தார்கள்.

"எல்லோரும் உப்பளத்துக்குப் போகட்டும்" என்றார் செல்வக்கோன்.

"படிப்பு?" என்று கேட்டாள் குமுதவல்லி.

"அம்மணி, யாராவது இவர்கள் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்களா? ஆசையை அடக்கத் தெரியாதது இவர்கள் குற்றம்."

அரசன் சபையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். "சரிதானே? நானாக இருந்தால் மாட்டியிருக்கமாட்டேன்."

"அப்படியானால் சில நாட்கள் அரசரும் மோதிரம் போட்டுப் பார்க்கலாமே" என்றாள் குமுதவல்லி. "காசு வேண்டாம், சாப்பாட்டில் பார்ப்போம். தினமும் தங்களுக்கு அளவான ஓர் இலைச் சாப்பாடு. இன்னும் வேண்டுமென்றால் மோதிரத்தைக் காட்டுங்கள், நாளைய பங்கிலிருந்து வரும். நாளை அதை வட்டியோடு கழித்துக்கொள்வார்கள். விதி பொக்கிஷதாரருடையது. கொடுப்பதும் வசூலிப்பதும் அவரே. தாங்கள் தப்பிவிட்டால் என் பதவியை அவருக்கே கொடுங்கள்."

செல்வக்கோன் முந்திக்கொண்டு தலையாட்டினார். சோதனை முடியும்வரை மாணவர்கள் காவலில் இருக்க, அரசனின் இலை தினமும் சபையிலேயே அவர்கள் முன் போடப்பட்டது.

முதல்நாள் இலையில் பாயசம் ஒரு கிண்ணம்தான். அரசன் அதைக் காலிசெய்துவிட்டு விரலிலிருந்த மோதிரத்தைப் பார்த்தான். "நாளையது நாளைக்கு, அரசே. இன்று தாராளமாகச் சாப்பிடுங்கள்" என்று, கடன் கொடுத்தே பழகிய செல்வக்கோன் பந்தயத்தை மறந்து தம் கையாலேயே ஊற்றினார். பாயசத்தைத் தொடர்ந்து வடை, வடையைத் தொடர்ந்து நெய்ச்சோறு.

மறுநாள் இலையில் பாதி வெறுமையாக இருந்தது. அரசனுக்குப் பசி. மோதிரத்தை நீட்டினான். இம்முறை பந்தயம் நினைவுக்கு வந்தாலும் செல்வக்கோன் விதிப்படி ஊற்றவேண்டியதாயிற்று.

அதற்கடுத்த நாள் சோறு வந்தது, குழம்பு வந்தது. அரசன் கை வைக்குமுன் செல்வக்கோன் இலையின் நுனியைப் பிடித்தார்.

"என்ன செய்கிறீர்?"

"வசூல், அரசே. பழைய பாக்கியும் வட்டியும் சேர்ந்து இன்றைய இலை முழுவதும் பொக்கிஷத்துக்குச் சேருகிறது."

"விடும்."

"விட்டால் விதி என்னாவது?"

"யார் போட்ட விதி?"

"நான் போட்டதுதான்."

ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் இலை கிழிந்து, குழம்பு அரசனின் மடியில் கொட்டியது. அரசன் எழுந்து நின்றான். "இந்தக் கடனை நான் தள்ளுபடி செய்கிறேன்."

"செய்யலாம், அரசே" என்றாள் குமுதவல்லி. "தங்களிடம் ஆணை இருக்கிறது. மருதனிடம் என்ன இருக்கிறது?"

அரசன் மருதனைப் பார்த்தான். அவன் கன்னம் ஒட்டிக் கிடந்ததை அப்போதுதான் கவனித்தான்.

"உப்பளம் யாருடையது?" என்று மெல்லக் கேட்டான். செல்வக்கோன் தரையைப் பார்த்தார். அதுவே பதிலாகிவிட்டது.

அன்றே தீர்ப்பு வந்தது. வட்டி ரத்து. வாங்கிய அசலை மாணவர்கள் படித்துக்கொண்டே தங்கள் வித்தையால் அடைக்க வேண்டும். உப்பளம் அரசுக்கு. பொக்கிஷச் சாவியை இழந்த செல்வக்கோன் அங்கே கூலிக்கு உப்பு வாரப் போனார்.

"மோதிரத்தை உருக்கிவிடலாமா?" என்று மருதனைக் கேட்டான் அரசன்.

"வேண்டாம், அரசே. எனக்கு மழைக்கு முன் மூலிகை வாங்க வேண்டும். தைலம் விற்றதும் கட்டிவிடுவேன். தலைப்பாகையை இன்றே விற்கிறேன்."

"தைலம் விற்காவிட்டால்?"

மருதன் யோசித்தான். "அப்படியானால், விற்காவிட்டாலும் அடைக்க முடிகிற அளவுக்குப் பாதி மூலிகை மட்டும் வாங்குகிறேன்."

அரசன் சிரித்தான். "இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறவருக்கே இனி மோதிரம். அமைச்சரே, முதலில் என்னுடையதைக் கழற்றிக்கொள்ளுங்கள்."

குமுதவல்லி மோதிரத்தை வாங்கிக்கொண்டு, புதிய இலையில் அளவாகச் சோறு போடச் சொன்னாள். துடிவேந்தன் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டான். நாளைக்கு என்ன சமையல் என்று அவன் கேட்கவில்லை.