துண்டுக்குள் இருந்த கை

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மடம். ஞாயிறுதோறும் அங்கே பாடம் நடக்கும். பாடம் சொல்லும் அடிகளாருக்கு வயது முப்பத்தாறு. கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். டவுனில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தாண்டவராயனுக்கு நாற்பத்தொன்று.

பதினொரு வருடமாக வருகிறார். எப்போதும் கடைசி வரிசையில் என் பக்கத்தில்தான் உட்காருவார். திருநீறு வாங்கும்போது வெறுங்கையை நீட்ட மாட்டார். கைகளின் மேல் துண்டை விரித்து, அதில்தான் வாங்குவார். பாடம் கேட்கும்போதும் கைகள் மடியில் துண்டுக்குள்தான் இருக்கும்.

"பணிவுன்னா என்னன்னு தாண்டவராயனைப் பார்த்துக் கத்துக்கங்க" என்று அடிகளாரே ஒருமுறை சொன்னார். நாங்களும் பலமாகத் தலையாட்டினோம்.

அன்றைய பாடம் சின்முத்திரை. கட்டைவிரல் இறைவன், ஆட்காட்டி விரல் உயிர், விலகி நிற்கும் மூன்று விரல்களும் உயிரைப் பிடித்த அழுக்குகள். அடிகளார் சொல்லச் சொல்ல நாங்கள் இரண்டு விரல்களைச் சேர்த்துக்கொண்டு கண்ணை மூடினோம்.

"சாமி, கட்டைவிரலே இல்லாமப் பொறந்தா?"

கண்ணைத் திறந்தோம். தாண்டவராயன் எழுந்து நின்றிருந்தார். துண்டு கீழே கிடந்தது. இரண்டு கைகளிலும் நான்கு நான்கு விரல்கள்தான் இருந்தன.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து என்னத்தைப் பார்த்தேன்?

அடிகளார் இறங்கி வந்து அந்தக் கைகளைப் பார்த்தார்.

"பதினொரு வருஷத்துல ஒருநாள்கூட நான் பார்க்கலையே."

"நான் காட்டலையே சாமி."

"நீங்க காட்டலை. நான் கேக்கவும் இல்லை. அதுக்குப் பணிவுன்னு பேரு வேற வெச்சேன். தப்பு என்னுது."

"எனக்காகக் கேக்கலை சாமி. என் பொண்ணுக்காகக் கேக்கறேன்."

பிறந்து மூன்று மாதம். அவளுக்கும் கட்டைவிரல்கள் இல்லை, இதயத்தில் ஓட்டையும் இருக்கிறது. பால் குடிப்பதற்குள் வேர்த்துப்போகிறது, எடை ஏறவே இல்லை. சென்னையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். வாசலில் கார் நிற்கிறது. திருநீறு வாங்கிக்கொண்டு நேரே கிளம்ப வேண்டியதுதான்.

"கொழந்தை யார்கிட்ட இருக்கு?"

"என் மச்சான் வெச்சிருக்காரு. என் வீட்டுக்காரி மரகதவல்லியும் கார்லதான் இருக்கா."

"நீங்க தூக்கிட்டு வாங்க. இங்க அப்பா கையிலேர்ந்துதான் நான் கொழந்தையை வாங்குவேன்."

தாண்டவராயன் நகரவில்லை.

"நான் அவளைத் தூக்கறதில்லை சாமி."

"கீழ போட்டுடுவோம்னு பயமா?"

"இல்லை. கடையில பேப்பர் பண்டல் அத்தனையும் நான்தான் தூக்கறேன்."

"அப்பறம்?"

தாண்டவராயன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக் காட்டினார். நெஞ்சில் நீளமாக ஒரு பழைய தழும்பு.

"எனக்கும் சின்ன வயசுல இதே ஆபரேஷன்தான். கையும் நெஞ்சும் சேர்ந்தே வர்ற வியாதியாம். ரொம்ப அபூர்வமாம். யார்கிட்டேர்ந்து வந்ததுன்னு டாக்டரைக் கேட்டேன். என் கையைப் பார்த்துட்டு, உங்ககிட்டேர்ந்துதான்னுட்டாரு. அவ மூச்சு வாங்கறதைப் பார்க்கறப்பெல்லாம் நான் செஞ்சதுன்னு தோணுது. இந்தக் கையால எப்படித் தூக்கறது?"

யாராவது ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று இருந்தது எனக்கு. முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "அதெல்லாம் பூர்வஜென்ம..." என்று ஆரம்பித்தார். அடிகளார் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க சாமி. நான் குடுத்ததுதானே?"

"ஆமா" என்றார் அடிகளார்.

தாண்டவராயன் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்ககிட்டேர்ந்து போனதுதான். டாக்டர் சொன்னதை நான் மாத்திச் சொல்ல முடியாது. ஆனா அது போனப்ப உங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கலை. மூணு மாசமா அவளைத் தூக்காம இருக்கீங்களே, அது மட்டும்தான் நீங்களாக் குடுத்தது."

தாண்டவராயன் துண்டை எடுக்காமலே வெளியே போனார்.

காரிலிருந்து மரகதவல்லி இறங்குவது தெரிந்தது. தம்பியிடமிருந்து குழந்தையை வாங்கினாள். புருஷன் நீட்டிய கைகளையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னும் தலை நிக்கலைங்க. கழுத்துக்கடியில கையைக் குடுத்துத் தாங்கணும்."

"எப்படின்னு காட்டு" என்றார் அவர்.