படித்துறை இனப் பூனை

எங்கள் நான்கு பேரில் அதிக புத்தி யாருக்கு என்று ஒரு தடவை எங்களுக்குள்ளேயே போட்டி வைத்துப் பார்த்தோம். முதல் பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை. நான் இரண்டாவதாக வந்தேன்.

அதனால்தான் இதைச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. என் பெயர் வெயிலுமுத்து. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். ஊர்க்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்கள். தாமிரபரணிக் கரையில் இருக்கிறது என்பது வரை சொல்லலாம். ஆறு இதுவரை ஆட்சேபம் சொல்லவில்லை.

நானும் தவசிலிங்கமும் கொம்பையாவும் பூசைத்துரையும் கூட்டாகப் பொரிக்கடை வைத்திருக்கிறோம். தவசிலிங்கம் வயதில் மூத்தவர், ஆகவே தலைவர். கொம்பையா அடுப்பைப் பார்ப்பவன். பூசைத்துரை ஒரு தடவை மதுரை வரைக்கும் போய் வந்தவன், ஆகவே வெளியுலக விவகாரமெல்லாம் அவன் பொறுப்பு. நான் பொரியைப் படியால் அளந்து போடுகிறவன்.

பொரிக்கடைக்கு வருஷத்தில் ஒரே ஒரு பெருநாள், ஆயுத பூசை. அன்றைக்குத் தொழில் சாமான்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி முன்னால் வைக்க வேண்டும். அப்படி வைத்ததை மறுநாள் காலை வரை எடுத்துப் புழங்கக் கூடாது. போன வருஷம் நாங்கள் விடிவதற்குள் பக்தியோடு எல்லாவற்றையும் வைத்துவிட்டோம், அளக்கிற படி உட்பட. எட்டு மணிக்கு ஊரே வாசலில் பையோடு நிற்கிறது. உள்ளே முப்பது மூட்டைப் பொரி. அளக்கப் படி இல்லை. அந்த வருஷம் எங்கள் ஊருக்கு வந்த சரஸ்வதி சுண்டலை மட்டும் பார்த்துவிட்டுப் போனாள்.

என் மனைவி இசக்கியம்மாள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும், ஏனென்றால் நான் பதில் சொன்னேன்.

ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். "இன்னொரு வருசம் ஊருக்குப் பொரி இல்லன்னு ஆச்சுன்னா, கடையப் பூட்டிச் சாவியக் குடுத்துட்டுப் போயிருங்க. பக்கத்தூர்க்காரன வரச் சொல்லிக்கிடுதோம்."

பொரிக்கடை போனால் எங்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. வேறு யாரும் எங்களை வேலைக்கு வைக்க மாட்டார்கள் என்பதை, வைத்துப் பார்த்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். இந்த வருஷம் இசக்கியம்மாள் எங்கள் நான்கு பேரையும் நிற்க வைத்து, படியைப் பூசையில் வைக்க மாட்டோம் என்று கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாள். செய்தோம். கொம்பையா உணர்ச்சிவசப்பட்டு இரண்டு தடவை அடித்ததில் கற்பூரம் அணைந்துவிட்டது.

பூசைக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது எலி வந்தது.

"ஒரு பூனைக்குட்டியக் கொண்டாந்து விடுங்க, தன்னால ஓடிரும்" என்றாள் இசக்கியம்மாள். அவளுக்கு எல்லாமே சுலபம். நாங்கள் உட்கார்ந்து யோசித்தோம்.

"பூனைன்னா என்ன இனம்?" என்றான் பூசைத்துரை. "மதுரையில ஒரு கடையில பாத்தேன்வே. பஞ்சு மூட்ட கணக்கா இருக்கு. மூஞ்சி சப்பை, சுவத்துல போய் முட்டுன மாதிரி. அதுதான் உசந்த இனமாம்."

"மூஞ்சி சப்பையா இருந்தா எலிய எத வச்சுக் கடிக்கும்?" என்று கொம்பையா கேட்டான்.

"உசந்த இனம் கடிக்காதுவே. பாக்கும். அது பாக்குத பார்வையில எலி கூச்சப்பட்டுப் போயிரும்."

இது எங்களுக்கு நியாயமாகப் பட்டது. ஆனால் தவசிலிங்கம் கையை உயர்த்தினார். "அவசரப்படாதிய. நம்ம எலிக்குக் கூச்சம் உண்டான்னு முதல்ல தெரியணும். எலி என்ன இனமோ, அதுக்குத் தக்கனதான் பூனை."

ஆகவே எலியின் இனத்தைக் கண்டுபிடிக்க மூட்டைகளுக்கு நடுவே இரண்டு நாள் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். எலிகள் வந்தன. எங்களைப் பார்த்தன. தின்றன. விரட்டினால் இனம் தெரியாமல் போய்விடும் என்பதால் விரட்டவில்லை. இரண்டாம் நாள் மாலையில் தவசிலிங்கம் முடிவைச் சொன்னார்: கூச்சம் இல்லை, நம்ம ஊர் எலிதான். அதற்குள் நான்கு மூட்டை காலி.

நம்ம ஊர் எலிக்கு நம்ம ஊர்ப் பூனை. வடிவு டீச்சர் வீட்டில் பூனை குட்டி போட்டு, ஒரு குட்டி மிச்சம் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். நல்ல நாள் பார்த்து, ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு நான்கு பேரும் போனோம். டீச்சர் ஓய்வு பெற்றவர். எங்கள் நால்வருக்கும் ஒன்றாம் வகுப்பு எடுத்தவர், சிலருக்கு மூன்று முறை.

"குட்டிய எடுத்துட்டுப் போங்க, தட்டு எதுக்கு?" என்றார் டீச்சர்.

"இருக்கட்டும் டீச்சர். குட்டிக்குத் தகப்பனாரு என்ன செய்யுதாரு?" என்று தவசிலிங்கம் மரியாதையாகக் கேட்டார்.

டீச்சர் எங்களை ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தார். "சுவத்து மேல நடக்காரு."

"சொந்தச் சுவரா?"

"அடுத்த வீட்டுச் சுவரு."

தவசிலிங்கம் முகம் சற்று வாடியது. "இனம் என்னன்னு தெரிஞ்சா நல்லது டீச்சர்."

"மனுசனுக்குள்ளதான் இதக் கேட்டுக்கிட்டுக் கெடக்கோம். பூனையையாவது விடக்கூடாதா, தவசி?"

"கேட்டுக் கேட்டுப் பழகிட்டு டீச்சர்."

டீச்சர் பெருமூச்சு விட்டார். "இனமெல்லாம் தெரியாது. தாய்க்காரியப் பாத்துக்கோங்க. எலி பிடிக்கதுல சூரி. தாயைத் தண்ணித் துறையில பாத்தா மகள வீட்டுல பாக்க வேண்டாம்னு சொல்லுவாங்கல்லா?"

நாங்கள் உடனே எழுந்துவிட்டோம். குட்டி அப்போது தவசிலிங்கத்தின் காலடியில்தான் படுத்திருந்தது. சாம்பல் நிறம், பச்சைக் கண். நாங்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மகளை வீட்டில் பார்க்க வேண்டாம் என்று டீச்சரே சொன்ன பிறகு பார்ப்பது மரியாதை இல்லை.

மறுநாளிலிருந்து படித்துறையில் காத்திருந்தோம். தாய்ப்பூனை எந்த நேரத்தில் குளிக்க வரும் என்று தெரியாததால் காலையிலிருந்து இருட்டும்வரை உட்கார்ந்தோம். ஐந்து நாள் வரவில்லை. ரொம்பச் சுத்தக்குறைவான குடும்பமாக இருக்குமோ என்று கொம்பையா கவலைப்பட்டான்.

இதற்குள் துணி துவைக்க வந்த பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். ஒரு அக்கா நேராகவே கேட்டாள். "நாலு ஆம்பளைகளும் இங்க யாரப் பாக்கிய?"

"ஒரு தாயைப் பாக்க வந்திருக்கோம்" என்றேன் நான். "பொண்ணு எடுக்குத விசயம். வடிவு டீச்சர் வீட்டுல."

உள்ளதை உள்ளபடி சொன்னேன். அரை மணி நேரத்தில் இசக்கியம்மாள் மேல் படியில் வந்து நின்றாள். கையில் விளக்குமாறு. ஆற்றங்கரையைப் பெருக்கக்கூட ஊரில் இவள்தான் இருக்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

"பொண்ணு பாத்தாச்சோ?" என்றாள்.

"தாயைப் பாத்த பெறகுதான் முடிவு பண்ணணும்."

"பொண்ணு எப்படி இருக்கா?"

"சாம்பல் நெறம். கண்ணு பச்ச. மீச நல்லா இருக்கும்னு நெனைக்கேன்."

பாதி அடி விழுந்த பிறகுதான் மீசை என்ற சொல் அவளுக்கு எட்டியது. நிறுத்தினாள். எங்கள் நால்வரையும் வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அடியே தேவலை.

"பூனை ஆத்துக்குத் தானா வருமா?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் கேட்டது சரிதானே. கூப்பிட்டால்தானே வரும். டீச்சர் வீட்டுக்குப் போய்த் தாய்ப்பூனையைக் கூடையில் வைத்து, மேலே துண்டு போட்டுக் கொண்டு வந்தோம். படித்துறையில் துண்டை எடுத்ததும் அது தண்ணீரைப் பார்த்தது. அடுத்த நொடி தவசிலிங்கத்தின் தலையில் இருந்தது. அதற்கடுத்த நொடி டீச்சர் வீட்டுத் திசையில் போய்க்கொண்டிருந்தது.

நெற்றியில் ஒழுகிய ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு தவசிலிங்கம் சொன்னார்: "நல்ல எடம். தலைவன் யாருன்னு பாத்த உடனே கண்டுபிடிச்சிட்டு."

குட்டியை வாங்கிக்கொண்டோம். யாராவது என்ன இனம் என்று கேட்டால், படித்துறை இனம் என்று சொன்னோம். கேட்டவர்கள் தலையாட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் அதே இனத்தில் தங்களுக்கும் ஒன்று சொல்லி வைத்தார்கள். படித்துறை என்பதே குட்டிக்குப் பெயராகவும் நின்றுவிட்டது.

குட்டியைக் கொடுக்கும்போது டீச்சர் ஒரு புத்திமதி சொன்னார். "புது எடம்னா மெரளும். சத்தம் போடாதிய. இது தன் வீடுதான்னு அதுக்கு மனசுல படணும்."

சொன்னபடி செய்தோம். குட்டியைக் கடைக்குள் விட்டுவிட்டு நாங்கள் நால்வரும் தெருவில் உட்கார்ந்தோம். எங்களைப் பார்த்தால் நம் வீடு என்று அதற்கு எப்படித் தோன்றும்? பொரி வறுக்கும் சத்தம் ஆகாது என்று அடுப்பையும் அணைத்தோம். நடுவில் மழை வேறு பெய்தது. கடைக்கு வந்தவர்கள், "என்னவே, கடைய வித்துட்டியளா?" என்று கேட்டார்கள். "பட்டாவுல பேரு மாத்தல, அனுபவ பாத்தியம் மட்டும் அதுக்கு" என்று தவசிலிங்கம் மெதுவாகச் சொன்னார்.

உள்ளே எலிகள் மட்டும் கீச்சுக்கீச்சென்று சத்தம் போட்டன. குட்டி மிரளுமே என்று பதறினோம். கொம்பையாதான் வழி கண்டுபிடித்தான். வாய் நிறைய இருந்தால் யாரும் சத்தம் போட முடியாது. ஒரு மூட்டையை அவிழ்த்து, வளைக்கு வளை ஒரு கை பொரி வைத்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு பரம அமைதி. தினமும் காலையும் மாலையும் வைத்தோம்.

ஐந்தாம் நாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். குட்டி என்னுடைய அளக்கிற படிக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. படிக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல் சரியாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தக் கடையில் என்னை நம்பி ஒரு உயிர் தூங்கியது அதுதான் முதல் தடவை. இனமாவது ஒன்றாவது என்று அன்றைக்கு நினைத்தேன். பூசைத்துரையிடம் சொன்னேன். "அப்படி நெனைக்க வைக்கதுதான்வே உசந்த இனம்" என்றான்.

பூசைக்கு முந்தின நாள் மத்தியானம் படித்துறை தன் முதல் எலியைப் பிடித்தது. நாங்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டோம். இன்னும் பதினாறு மூட்டை மிச்சம் இருந்தது. ஊருக்குப் போதும். இசக்கியம்மாள் வந்து எண்ணிப் பார்த்தாள். ஒரு வருஷம் கழித்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நாளைக்குப் படிய என்ன செய்வீங்க?"

"பூசையில வைக்க மாட்டோம்" என்றோம் நால்வரும் ஒரே குரலில். கொம்பையா கற்பூரத்தைத் தேடினான்.

ஆயுத பூசை அன்று விடியற்காலையில் கடையைக் கழுவிவிட்டோம். வறுக்கிற இரும்புச்சட்டி, சல்லடை, அகப்பை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி முன்னால் வரிசையாக அடுக்கினோம். படியைத் தொடவில்லை. சத்தியம் சத்தியம்தான். படி வாசல் பக்கம் தயாராக இருந்தது.

எட்டு மணிக்கு ஊர் பையோடு வந்துவிட்டது. இசக்கியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். படி வெளியே இருப்பதைப் பார்த்தாள். மூட்டைகள் மேல் எலிகள் ஓடுவதைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். நாங்கள் நான்கு பேரும் சாமி முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தோம்.

"படிதான் வெளிய இருக்குல்லா. அளந்து போட வேண்டியதுதான?"

"எப்படிம்மா அளக்க?" என்றார் தவசிலிங்கம் மூச்சு வாங்கியபடி. "நாலு பேருக்கும் கை ஒழியல. ஆளுக்கு ஒரு காலப் பிடிச்சிருக்கோம்."

நடுவில் படித்துறை இருந்தது. நெற்றியில் சந்தனம், அதன் மேல் குங்குமம். கண் மூட்டை மேல் இருந்த எலி மீது. நாங்கள் பிடித்திராவிட்டால் பாய்ந்திருக்கும். விடிந்ததிலிருந்து ஏழு எலிகளை இப்படிக் காப்பாற்றியிருந்தோம்.

"அத எதுக்குப் பிடிச்சிருக்கீங்க?"

"நம்ம கடையில ஒழுங்கா வேல பாக்குத ஒரே சாமான் இதுதான இசக்கி" என்றேன் நான். "பூசையில வைக்காம இருந்தா நல்லாவா இருக்கும்? வச்ச பெறகு வேல வாங்கலாமா? நாளைக்குக் காலையில விட்டுருதோம்."

வெளியே யாரோ கடைச் சாவி எங்கே என்று கேட்பது காதில் விழுந்தது. இசக்கியம்மாள் மூலைக்குப் போய் விளக்குமாற்றைக் கையில் எடுத்தாள்.

நல்லவேளை, அதற்கும் பொட்டு வைத்திருந்தோம். மறுநாள் காலை வரை அதை எடுத்துப் புழங்கக் கூடாது என்று நான்தான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். மற்ற மூன்று பேருக்கும் அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. போட்டியில் நான் இரண்டாவதாக வந்தது சும்மா இல்லை.